பழைய மிடி ஃபைல், புது கீபோர்டு: ஷெனாய் பியானோவாக வந்த சிக்கலும் தீர்த்த முறையும்

நான்கு ஃபைல் தவிர எல்லாமே சரியாக ஓடிவிட்டது. 14 ஃபிளாப்பி, 163 பாட்டு. திசையன்விளை, வள்ளியூர், நாங்குநேரி பக்கத்துக் கோவில் கொடைகளில் வாசித்த ஒரு மெல்லிசைக் குழுவின் பழைய மிடி ஃபைல்கள் இவை. மிடி ஃபைலில் ஒலி இருக்காது; எந்த நோட்டை, எந்த டோனில் (வாத்திய ஒலியில்), எந்தச் சேனலில் (தடத்தில்) வாசிக்க வேண்டும் என்ற கட்டளைகள்தான் இருக்கும். ஓட வேண்டிய கருவிகள் மூன்று: எக்ஸ்ஜி (யமஹாவின் டோன் தரம்) வழியில் வந்த அரேஞ்சர் கீபோர்டு (பின்னணித் தாளத்தைத் தானே வாசிப்பது) ஒன்று, ஜிஎம்2 (எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஜிஎம் தரத்தின் அடுத்த வடிவம்) படிக்கும் சிந்தசைசர் ஒன்று, அவசரத்துக்கு லேப்டாப்பில் ஃப்ளூயிட்சிந்த் என்ற சிந்தசைசர் நிரல்.

முதலில் ஓட்டிப் பார்த்தபோது இருந்த நிலை இது. ஷெனாய் வர வேண்டிய இடத்தில் பியானோ. தபலா விழ வேண்டிய இடத்தில் போலீஸ்காரர் விசில். கமகம் எல்லாம் தட்டையாகி, பாதிச் சுருதியில் நின்றது. சில பாட்டில் முதல் இரண்டு பார் (தாளச் சுற்று) பேஸ் இல்லை. நாலைந்து பாட்டு எந்த வேகத்தில் எழுதியிருந்தாலும் நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்திலேயே ஓடியது. மேடையில் இப்படி ஆனால் பாடுகிறவர் திரும்பி “அண்ணாச்சி, ஷெனாயைக் காணோமே” என்று பார்ப்பார். அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

ஃபைல் கெட்டுப்போகவில்லை. பழைய கருவியின் பலகையில் இருந்த அமைப்பில் பாதி ஃபைலில் எழுதப்படவே இல்லை. எழுதிய மீதியும் அந்தக் கம்பெனி பாஷையில் இருந்தது. வேலை முழுக்க, எழுதாததை எழுதுவதும் பாஷையை மாற்றுவதும்தான்.

ஃபிளாப்பியிலிருந்து எடுத்தது

யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ₹1,800. வாங்கும்போதே 720 கேபி டிஸ்க் படிக்குமா என்று கேட்க வேண்டும், 1.44 எம்பி மட்டும் படிக்கிறவையும் உண்டு. டிஸ்க்கைப் போட்டவுடன் ஃபைலைத் திறக்கக் கூடாது. முதலில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலை வைத்து முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜாக எடுத்துவிட்டு, இமேஜிலிருந்துதான் ஃபைலை எடுக்க வேண்டும். பழைய டிஸ்க் இரண்டாவது முறை படிக்கும் என்று சொல்ல முடியாது. 1.44 எம்பி டிஸ்க்கின் இமேஜ் சரியாக 14,74,560 பைட், 720 கேபி டிஸ்க்குக்கு 7,37,280 பைட். ஒரு பைட் குறைந்தாலும் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

ஒன்பது டிஸ்க் நேராகப் படித்தது. மூன்று “ஃபார்மட் செய்யப்படவில்லை” என்றது. அவசரப்பட்டு ஃபார்மட் பட்டனை அமுக்கியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். விஷயம் சின்னது: 1.44 எம்பி டிஸ்க்கைப் பழைய கீபோர்டின் 720 கேபி டிரைவில் ஃபார்மட் செய்திருக்கிறார்கள். எழுதாமல் தடுக்கும் தாழ்ப்பாளுக்கு எதிர்ப்பக்க மூலையில் இன்னொரு ஓட்டை இருக்கும். அதைப் பார்த்ததும் புது டிரைவ் இது 1.44 என்று முடிவு கட்டிவிடுகிறது. அந்த ஓட்டையை இரண்டு பக்கமும் ஒளி புகாத டேப்பால் மூடியதும் மூன்றும் படித்தன. செலோடேப் போதாது, டிரைவ் வெளிச்சத்தால் பார்க்கிற வகையாக இருந்தால் ஏமாறாது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சின்னதாக வெட்டி ஒட்டியது நின்றது.

ஒரு டிஸ்க்கில் பூஞ்சை. ஷட்டரைத் தள்ளிப் பிடித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, நடு உலோகத்தை விரலால் திருப்பித் திருப்பி இரண்டு முகமும் சுத்தம் செய்து, முழுக்கக் காய்ந்த பிறகு போட்டது. படித்தது. பூஞ்சை டிஸ்க்கைத் துடைக்காமல் போட்டால் டிரைவின் ஹெட்டில் ஒட்டி அடுத்த டிஸ்க்கையும் கீறும். கடைசி ஒன்றில் பழுப்புப் பூச்சே உரிந்திருந்தது. அது போனது போனதுதான்.

தலையைப் பார்த்துப் பிரித்தது

ஃபைல் பெயரை நம்பி பயன் இல்லை. ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலின் பைட்டுகளை எண்ணாகக் காட்டும் நிரல்) முதல் நான்கு பைட்டைப் பார்க்க வேண்டும். இந்தப் பதிவில் எல்லா பைட்டும் பதின்ம எண்ணில்தான் இருக்கிறது; எடிட்டர் பதினாறடிமானம் கேட்டால் மாற்றிக்கொள்ளவும். 77 84 104 100 என்று தொடங்கினால் அது நியமமான மிடி ஃபைல். 151 ஃபைல் அப்படி இருந்தது. எட்டு ஃபைல் 82 73 70 70 என்று தொடங்கியது. அது வேறொன்றும் இல்லை, அதே மிடிக்கு மேல் விண்டோஸ் போட்ட ஒரு உறை. முதல் 20 பைட்டை வெட்டினால் உள்ளே 77 84 104 100 நிற்கும். மீதி நான்கும் கருவி தன் சொந்த வடிவத்தில் சேமித்தவை. அவை இன்னும் தீரவில்லை.

தலை மொத்தம் 14 பைட். 9, 10-ஆம் பைட் ஃபார்மட் (0 அல்லது 1), 11, 12 டிராக் எண்ணிக்கை, 13, 14 ஒரு காலுக்கு (கால் நோட்டுக்கு) எத்தனை டிக் (ஃபைலின் நேர அலகு) என்பது. 0 96 என்றால் 96 டிக், 1 224 என்றால் 480 டிக். 120-லேயே ஓடிய பாட்டுகளின் சிக்கல் இங்கே பிடிபட்டது. ஃபார்மட் 1-இல் டெம்போ முதல் டிராக்கில் இருக்க வேண்டும். எழுதிய சீக்வென்சர் அதை மூன்றாவது டிராக்கில் போட்டிருந்தது. புதுக் கருவி அங்கே எட்டிப் பார்க்கவில்லை. டெம்போ கிடைக்காவிட்டால் ஒரு காலுக்கு 5,00,000 மைக்ரோ செகண்டு, அதாவது 120, என்பதுதான் வழக்கம். டெம்போ வரிகளை முதல் டிராக்குக்குத் தூக்கியதோடு அது தீர்ந்தது.

தவறான வழி இரண்டு

முதல் தவறு: ஒவ்வொரு பாட்டுக்கும் கீபோர்டு பலகையிலேயே டோனைக் கையால் மாற்றி, கருவியின் மெமரியில் சேமித்தது. பத்துப் பாட்டு சரியாக வந்தது. பிறகு கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றிப் பார்க்கும் சோதனையில் கருவி ஒரு முறை அணைந்து எழுந்தது. சேமித்த அமைப்பைக் கூப்பிடாமல் ஃபைலை ஓட்டியதும் பழைய கோலம். கொடை மேடையில் இரவில் ஒரு முறையாவது கரண்டு மாறும். அமைப்பு ஃபைலுக்குள்ளேயே இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது தவறு: கருவியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் ரீசெட் கட்டளையை ஹெக்ஸ் எடிட்டரில் நேராக ஒட்டியது. எந்தக் கருவியும் ஃபைலைத் திறக்கவில்லை. காரணம் இரண்டு. மிடி ஃபைலுக்குள் சிஸ்எக்ஸ் (240-இல் தொடங்கி 247-இல் முடியும் கருவி அமைப்புக் கட்டளை; ரீசெட்டும் இந்த வகைதான்) எழுதும்போது 240-க்கு அடுத்து நீள பைட் ஒன்று வேண்டும். கேபிளில் போகும்போது அது கிடையாது. அதோடு, டிராக் தலையில் (77 84 114 107) இருக்கும் நான்கு பைட் நீளத்தையும் கூட்ட வேண்டும். கையால் இதை 163 முறை செய்வது வீண்.

சரியான கருவி மிடிசிஎஸ்வி என்ற இலவச நிரல். மிடி ஃபைலை வரி வரியாக எழுத்தாக்கித் தரும். திருத்திவிட்டு சிஎஸ்விமிடி கொண்டு திரும்ப மிடி ஆக்கலாம். டிராக் நீளத்தை அதுவே போட்டுக்கொள்ளும். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். சேனலும் டோன் எண்ணும் 0-இலிருந்து தொடங்கும்: டிரம் சேனல் 10 அங்கே 9, ஷெனாய் 112 அங்கே 111. இதை மறந்ததால் ஒரு மாலை முழுக்க ஷெனாய்க்குப் பக்கத்து டோன்தான் வந்தது. இன்னொன்று, ஒரே டிராக்குக்குள் வரிகள் நேர வரிசையில் இருக்க வேண்டும்.

எந்தக் கருவிக்காக எழுதியது என்று கண்டுபிடிப்பது

முதலில் சிஸ்எக்ஸ் வரிகளைத் தேடுவது. 240-க்கு அடுத்த எண் கம்பெனி: 65 ரோலண்டு, 66 கோர்க், 67 யமஹா, 68 கேசியோ, 126, 127 என்றால் எல்லாருக்கும் பொதுவானது. ரோலண்டில் இன்னும் இரண்டு எண் தள்ளி 66 இருந்தால் ஜிஎஸ் (ரோலண்டின் டோன் தரம்), 22 இருந்தால் 1987-இல் வந்த எம்டி-32 என்ற கருவி. யமஹாவில் அதே இடத்தில் 76 என்றால் எக்ஸ்ஜி.

சிஸ்எக்ஸே இல்லாத ஃபைலுக்கு டிரம் சேனலின் நோட் எண் சாட்சி சொல்லும். 1991-இல் வந்த ஜிஎம் தரத்தில் டிரம் 35 முதல் 81 வரைதான். 27 முதல் 34 வரையோ 82 முதல் 87 வரையோ நோட் இருந்தால் ஜிஎஸ் என்று ஊகிக்கலாம். 13, 14, 20 என்று கீழே போனால் எக்ஸ்ஜி. எதிலும் சேராமல் எட்டுப் பத்து நோட் மட்டும் ஓயாமல் வந்தால் அது தபலாவோ டோலக்கோ. இந்தியக் கிட் (டிரம் ஒலித் தொகுப்பு) உள்ள கீபோர்டில் எழுதியது.

எம்டி-32 ஃபைல் இரண்டுதான் இருந்தது. அதன் டோன் வரிசையே ஜிஎம் வரிசை அல்ல, சேனல் 2 முதல் 10 வரையில்தான் வாசிக்கும். டோன் எண்களை ஒவ்வொன்றாகக் கேட்டு மாற்றியதோடு சரி. அதற்கு மேல் நேரம் செலவழிக்கத் தகுந்த பாட்டுகள் இல்லை.

ரீசெட்டும் அதற்குப் பின் காலி இடமும்

ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ஒரே ஒரு ரீசெட் வேண்டும். கருவிக்குப் போகும் பைட்டுகள் இவை:

ஜிஎம்: 240 126 127 9 1 247
ஜிஎம்2: 240 126 127 9 3 247
ஜிஎஸ்: 240 65 16 66 18 64 0 127 0 65 247
எக்ஸ்ஜி: 240 67 16 76 0 0 126 0 247

மிடிசிஎஸ்வி வரியில் 240-ஐ விட்டுவிட்டு, 247-ஐயும் சேர்த்து எண்ணிய நீளத்தை முன்னால் எழுத வேண்டும். ஜிஎம்முக்கு: 5, 126, 127, 9, 1, 247. ரோலண்டு கட்டளையில் 247-க்கு முந்திய எண் சரிபார்ப்பு எண். முகவரியையும் மதிப்பையும் கூட்டி, 128-ஆல் வகுத்த மீதியை 128-இலிருந்து கழிக்க வேண்டும். மேலே 64+0+127+0 = 191, மீதி 63, 128−63 = 65. இது தப்பினால் கருவி கட்டளையைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்; பிழை என்று கூடச் சொல்லாது.

ரீசெட் போட்டும் முதல் இரண்டு பார் பேஸ் வரவில்லை. ரீசெட் வாங்கிய கருவி தன்னைச் சரிசெய்துகொள்ள 50 மில்லி செகண்டு அளவு எடுக்கும். அந்த நேரத்தில் வரும் கட்டளை காற்றில் போகும். பழைய ஃபைல்களில் ரீசெட், டோன், வால்யூம், முதல் நோட் எல்லாமே டிக் 0-இல் குவிந்திருந்தன. ஐந்து முள் மிடி கேபிளில் நொடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு 10 பிட், அதாவது 0.32 மில்லி செகண்டு. ஒரு சேனலுக்கு 20 பைட் அமைப்பு என்றாலும் 16 சேனலுக்கு 320 பைட், 100 மில்லி செகண்டுக்கு மேல். முதல் நோட் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

செய்தது இது: பாட்டு முழுவதையும் ஒரு பார் தள்ளி வைத்தது. 480 டிக் ஃபைலில் நான்கு கால் பாருக்கு 1,920, ஆறு-எட்டுக்கு 1,440. தாளம் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 1,920 கூட்டியதில் ஆறு-எட்டுப் பாட்டுகள் பார் கோட்டிலிருந்து விலகிப் போய், திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. டெம்போவும் தாளக் குறியும் டிக் 0-இலேயே நிற்க வேண்டும். ரீசெட் டிக் 0-இல், இரண்டாவது கால் (480) முதல் சேனலுக்கு 10 டிக் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அமைப்பு. 120 வேகத்தில் 10 டிக் என்பது 10.4 மில்லி செகண்டு. 20 பைட் போக 6.4 போதும். காலியான பாரில் டிரம் சேனலில் நோட் 37-ஐக் காலுக்கு ஒன்றாகப் போட்டால் மேடையில் இருப்பவர்களுக்கு எடுப்பு எண்ணிக்கையும் கிடைத்துவிடுகிறது. இது கணக்கில் இல்லாத லாபம்.

ஒரு குழி மட்டும் சொல்ல வேண்டும். பழைய கருவிகளில் பல ஃபார்மட் 0 மட்டுமே வாசிக்கும் என்பதால் எல்லாவற்றையும் ஃபார்மட் 0 ஆக்கியபோது, ஏழு பாட்டு மறுபடி பியானோ ஆனது. மூன்றாவது டிராக்கில் பழைய ஜிஎம் ரீசெட் ஒன்று ஒளிந்திருந்தது. டிராக்குகளை ஒன்றாக்கியதும் அது டோன் கட்டளைகளுக்குப் பின்னால் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. புது ரீசெட் எழுதும் முன் பழையவை எல்லாவற்றையும் அழித்தாக வேண்டும்.

பேங்க் பாஷை

ஷெனாய் பியானோ ஆனதற்கும், சில டோன் வராமலே போனதற்கும் இதுதான் வேர். ஒரே டோன் எண்ணின் மாற்று வடிவங்களைப் பிரித்து வைப்பது பேங்க்; அதைத் தேர்ந்தெடுப்பது கன்ட்ரோலர் என்ற எண்ணிட்ட கட்டளைகள். ஜிஎஸ்ஸில் டோனின் மாற்று வடிவ எண் கன்ட்ரோலர் 0-இல் போகும், 32-இல் 0. எக்ஸ்ஜியில் தலைகீழ்: கன்ட்ரோலர் 0-இல் 0, மாற்று எண் 32-இல், டிரம் என்றால் கன்ட்ரோலர் 0-இல் 127. ஜிஎம்2-இல் கன்ட்ரோலர் 0-இல் 121, டிரம்முக்கு 120, மாற்று எண் 32-இல். பேங்க் கட்டளை தனியாக எதையும் மாற்றாது. அடுத்து டோன் எண் வந்தால்தான் நடக்கும். டோனுக்குப் பிறகு பேங்க் எழுதிய ஃபைல்கள் பத்துக்கு மேல் இருந்தன. அவை பழைய கருவியில் எப்படி ஓடின என்றால், முந்திய பாட்டு விட்டுப்போன பேங்க்கில் ஓடியிருக்கும்.

எண்ணை இடம் மாற்றினால் மட்டும் போதாது. மாற்று எண்களே வேறு. டோன் 5-இன் சுருதி விரிந்த எலக்ட்ரிக் பியானோ ஜிஎஸ்ஸில் 8, ஜிஎம்2-இல் 1, எக்ஸ்ஜியில் 32. இதற்குக் குறுக்குவழி இல்லை. 163 பாட்டிலும் சேர்ந்து 41 மாற்று டோன்தான் இருந்தது. அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதி, பைதான் மொழியில் மிடோ நூலகம் வைத்து ஒரு சின்ன நிரல் எழுதி மாற்றியது. நிகர் கிடைக்காத டோனுக்கு பேங்க்கை அடிப்படைக்கு (ஜிஎம்2-இல் 121, 0) இறக்கிவிடுவது நல்லது. சத்தமே வராமல் போவதைவிட சாதா ஷெனாய் மேல்.

ஃப்ளூயிட்சிந்த்தில் இதற்கு ஒரு அமைப்பே இருக்கிறது: பேங்க் தேர்வை ஜிஎம், ஜிஎஸ், எக்ஸ்ஜி, எம்எம்ஏ (மிடி தரத்தை வகுத்த சங்கத்தின் முறை) என்று மாற்றலாம். சும்மா விட்டால் ஜிஎஸ். எக்ஸ்ஜி ஃபைலை இப்படி ஓட்டிவிட்டு “சவுண்ட்ஃபான்ட் சரியில்லை” என்று அந்த ஒலித் தொகுப்பு ஃபைலைப் புதிது புதிதாக இறக்கிக்கொண்டிருந்தது தேவையில்லாத வேலை.

கமகம் தட்டையானது

இந்த வேலையில் காது அதிகம் கேட்டது இங்கேதான். பென்ட் (சக்கரத்தால் சுருதியை வளைப்பது) வீச்சு ஜிஎம் வழிக் கருவிகளில் தொடக்கத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம். வயலின், நாதஸ்வர வரிகளை வாசித்தவர் பலகையில் அதை 12 ஆக்கி வைத்து வாசித்திருக்கிறார். ஃபைலில் சக்கரத்தின் அசைவு மட்டும் பதிவாகி, 12 என்பது பதிவாகவில்லை. புதுக் கருவி அதை 2 என்று எடுத்துக்கொண்டு, ஒரு சுரம் ஏற வேண்டிய இடத்தில் கால் சுரம்கூட ஏறாமல் நிற்கிறது.

எந்த வீச்சு என்பதை எண்ணிலிருந்தே கண்டுபிடிக்கலாம். பென்ட் மதிப்பு 0 முதல் 16,383 வரை, நடு 8,192. வீச்சு 12 என்றால் ஒரு அரைச்சுரத்துக்கு 683 சுமார். வீச்சு 2 என்றால் 4,096. சக்கரம் போகும் வழியைப் பார்க்க வேண்டாம், அது நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். 8,875, 9,557 பக்கத்தில் நின்று நின்று போனால் 12. 12,288-இல் நின்றால் 2. ராகத்தில் சந்தேகம் வரும் இடங்களில், அடுத்து தனி நோட்டாக அதே சுரம் வரும் இடத்தோடு ஒப்பிட்டது.

எழுத வேண்டிய கன்ட்ரோலர்கள் வரிசையாக: 101-இல் 0, 100-இல் 0, 6-இல் 12, 38-இல் 0, பிறகு 101-இல் 127, 100-இல் 127. கடைசி இரண்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பாட்டு பாடம் நடத்தியது. அதில் வடிகட்டியின் (ஒலியின் ஃபில்டர்) அளவை மாற்ற 99, 98-இல் கம்பெனி சொந்த எண்ணைக் கொடுத்து 6-இல் மதிப்புக் கொடுத்திருந்தார்கள். ஒரு கருவி 99, 98 இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் 6-ஐ மட்டும் பிடித்துக்கொண்டது. கடைசியாகத் திறந்து கிடந்தது பென்ட் வீச்சு என்பதால், வடிகட்டிக்கு வந்த 70 பென்ட் வீச்சில் போய் விழுந்தது. பாட்டின் நடுவில் புல்லாங்குழல் வானத்துக்கும் பூமிக்கும் பாய்ந்தது. 127, 127 போட்டு மூடிவிட்டால் பிறகு வரும் 6 எதையும் தொடாது.

ஒவ்வொரு சேனல் தலையிலும் கன்ட்ரோலர் 121 ஒன்று போட வேண்டும். முந்திய பாட்டு பென்ட்டைப் பாதியில் விட்டுப்போயிருந்தால் அது நடுவுக்கு வரும். ஆனால் வீச்சையோ வால்யூமையோ பேங்க்கையோ 121 மாற்றாது. அவற்றைத் தனியே எழுத வேண்டும்.

தபலா

ஜிஎம் டிரம்மில் தபலாவும் கிடையாது, மிருதங்கமும் கிடையாது, தவிலும் கிடையாது. கையால் தட்டுவதற்கு இருப்பது பாங்கோ (60, 61), காங்கா (62, 63, 64). சில ஃபைல்கள் இவற்றை வைத்தே சமாளித்திருந்தன. அவற்றைத் தொடவில்லை, கேட்க நன்றாகவே இருக்கிறது. இந்தியக் கிட்டில் எழுதியவைதான் தொல்லை. பழைய கிட்டில் “தின்” இருந்த 71-இல் புதுக் கருவியில் விசில் இருக்கிறது.

டிரம் சேனலின் நோட்டுகளை எண்ணிக்கையோடு பட்டியலிட்டது. எந்தப் பாட்டிலும் 10-க்கு மேல் இல்லை. ஒரு நோட்டை மட்டும் விட்டு மற்றதை ஊமையாக்கி இரண்டு பாரைச் சுழல விட்டால், அது தாளத்தில் எங்கே விழுகிறது என்பதை வைத்தே வலது கைச் சொல்லா, இடது கைச் சொல்லா என்று தெரிந்துவிடும். இப்படி ஒரே பட்டியல் 30 பாட்டுக்கு மேல் பொருந்தியது. ஒரே கீபோர்டில் எழுதியவை.

லேப்டாப்புக்கான சவுண்ட்ஃபான்ட்டைப் பாலிஃபோன் என்ற நிரலில் கட்டும்போது ஒரு பிசகு. நீட்டி ஒலிக்க வேண்டிய “தின்” பாதியில் அறுந்தது. அதை 46-இல் வைத்திருந்ததுதான் காரணம்: திறந்த ஹை-ஹாட்டை மூடியது வெட்டுவதற்காக 42, 44, 46 மூன்றும் ஒரே குழுவில் இருக்கும். குழு எண்ணை 0 ஆக்கியதும் ஒலி நீண்டது.

கும்கி இன்னொரு பிடிவாதம். இடது கையில் வழுக்கி ஏறும் ஒலிக்கு டிரம் சேனலில் பென்ட் கொடுத்திருந்தார்கள்; பென்ட் சேனல் முழுவதையும் இழுக்கும் என்பதால் கூடவே கிக்கும் ஸ்னேரும் ஏறின. கும்கி நோட்டை மட்டும் சேனல் 11-க்குப் பிரித்து, அந்தச் சேனலையும் டிரம் ஆக்கியது. எக்ஸ்ஜியில் கன்ட்ரோலர் 0-இல் 127-உம் அடுத்து டோன் எண்ணும் கொடுத்தால் போதும். ஜிஎஸ்ஸில்: 240 65 16 66 18 64 26 21 2 15 247. இப்படிச் செய்த பாட்டைக் கட்டை மாற்றும்போது 10-ஐ மட்டும் விட்டுவிட்டு 11-ஐயும் சேர்த்து ஏற்றிவிடக் கூடாது. ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு ஏற்றியதில் கும்கி காணாமல் போய் வேறு ஏதோ தட்டியது.

வால்யூம், எதிரொலி

டோன் சரியான பிறகும் பேலன்ஸ் ஒட்டவில்லை. வால்யூம் எண் 64-ஐச் சில பழைய கருவிகள் நேர்விகிதமாக எடுத்து 6 டெசிபெல் குறைக்கும்; ஜிஎம்2 பரிந்துரைக்கும் வளைவில் 64 என்பது 12 டெசிபெல் குறைவு. பின்னணி வயலின்கள் அமுங்கிப்போனது இதனால்தான். அப்படிப்பட்ட ஃபைல்களில் எண்ணை 127-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 127-ஆல் பெருக்கியது: 64 இருந்த இடத்தில் 90, 32 இருந்த இடத்தில் 64. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிச் செய்யக் கூடாது. ஜிஎஸ் ஃபைல்களில் செய்தபோது எல்லாமே முன்னால் வந்து நின்று கத்தியது.

எதிரொலி (கன்ட்ரோலர் 91) ஜிஎஸ் தொடக்கத்தில் 40. புதுக் கருவிகளின் எதிரொலி நீளம். திறந்த வெளியில் இரண்டு தெரு தள்ளி மைக் செட் கட்டும் ஊரில் இது குழம்பாகிவிடும். பேஸுக்கும் கிக்குக்கும் 0, மற்றவற்றுக்கு 20-க்குள்.

கேபிள்

₹350-க்கு வாங்கிய பெயரில்லாத யூஎஸ்பி-மிடி கேபிள் ரீசெட் வரை ஒழுங்காக அனுப்பியது. நீளமான சிஸ்எக்ஸில் பைட்டைத் தின்றது, நெருக்கமான இடத்தில் நோட் அணையாமல் தொங்கியது. சோதிக்க எளிய வழி: கேபிளின் அவுட்டை அதன் இன்னிலேயே செருகி, 300 பைட் சிஸ்எக்ஸ் அனுப்பி, திரும்பி வருவதை ஒப்பிடுவது. பிரித்துப் பார்த்ததில் இன் பக்கத்தில் ஆப்டோகப்ளரே (மின் தொடர்பில்லாமல் ஒளி வழியாகச் செய்தி கடத்தும் சிப்) இல்லை. அந்த வகையில் 6என்138 ஒன்று வாங்கிப் போடலாம் என்று தோன்றியது; உள்ளே இருந்த சிப்பே சிஸ்எக்ஸைத் தின்பதால் விட்டாயிற்று. ₹4,200-க்கு நல்ல இன்டர்ஃபேஸ்.

கீபோர்டின் யூஎஸ்பி துளையை நேராக லேப்டாப்பில் செருகினால் இந்தச் செலவே வேண்டாமே என்று கேட்கலாம். செருகினால் லேப்டாப் சார்ஜர் வழியாக ஸ்பீக்கர் பாக்ஸில் ‘உம்’ என்ற இரைச்சல், ஜெனரேட்டரில் இன்னும் மோசம். ஐந்து முள் கேபிளில் கருவியின் இன் பக்கம் ஒளியால் பிரிக்கப்பட்டிருப்பதால் அந்த இரைச்சல் ஏறுவதில்லை. நீளம் 15 மீட்டரைத் தாண்டக் கூடாது.

மொத்தச் செலவு: டிரைவ் 1,800, ஆல்கஹால் 150, வீணான கேபிள் 350, இன்டர்ஃபேஸ் 4,200, ஐந்து முள் கேபிள் இரண்டு 600. ₹7,100.

அடுத்த பெட்டி வந்தால் மாற்றிச் செய்யப்போவது: திருத்துவதற்கு முன் எல்லா ஃபைலையும் மிடிசிஎஸ்வியில் எழுத்தாக்கி, எந்தப் பாட்டில் எந்தக் கம்பெனி எண், எந்த பேங்க், எந்த டிரம் நோட், பென்ட் எங்கே நிற்கிறது என்று ஒரே அட்டவணை. இந்த முறை பாட்டுப் பாட்டாகப் போனதால் ஒரே பிழையை முப்பது தடவை கண்டுபிடிக்க நேர்ந்தது. ஒரு பாட்டுக்கு ஒரு மூல ஃபைல், அதிலிருந்து மூன்று கருவிக்கும் மூன்று தலையை நிரலே எழுதட்டும்; கையால் மூன்று பிரதி திருத்தியதில் இரண்டு பாட்டு எக்ஸ்ஜியில் ஒரு வேகம், ஜிஎம்2-இல் ஒரு வேகம் என்று ஆகிவிட்டது. ஃபைல் பெயர் எட்டு எழுத்துக்குள், ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும்; பழைய கருவியிலும் ஓட்ட வேண்டி வரும்.

சொந்த வடிவத்தில் இருக்கும் நான்கு ஃபைல் மிச்சம். அவற்றை எழுதிய மாடல் கீபோர்டு ஒன்று கையில் கிடைத்தால், அதில் ஓட்டி, மிடி அவுட்டிலிருந்து லேப்டாப்பில் நேராகப் பதிவு செய்துவிடலாம்.